கற்பனை வாடகை

லாங்கென்தால் ரயில் நிலையத்துக்கு எதிரே
இரண்டாம் மாடி. செவ்வாய், மூன்று பத்து.
வங்கிக்காரர் எஷ்லிமான்
இரண்டு குவளையில் தண்ணீர் வைத்துவிட்டு
ஒரு வீட்டை மேசையில் விரித்தார்.
மூன்றரை அறை.
ஆறு லட்சத்து இருபதாயிரம் பிராங்.

அந்த அரை எங்கே என்று கேட்டேன்.
சமையலறை முடிந்து கூடம் தொடங்குமுன்
சாப்பாட்டு மேசை வைக்கிற மூலையாம்.
சுவரில்லை, கதவில்லை.
விலையில் மட்டும் இருக்கிறது.

பிறகு வரியைப் பற்றிச் சொன்னார்.
சொந்த வீட்டில் குடியிருந்தால்
உனக்கு நீயே வாடகை தருவதாக
அரசாங்கம் நினைத்துக்கொள்ளும்.
வராத அந்த வாடகை உன் வருமானம்,
அதற்கு வரி.
பகீரதன் என்னைப் பார்த்தான்.
பத்தொன்பது வருஷமாக
இந்த நாட்டில் யாருமே கற்பனையாக
எங்களுக்கு எதையும் தந்ததில்லை.

அது ஒழியப்போகிறது, என்றார் எஷ்லிமான்.
ஒழிந்த பிறகு, முதல் வீடு வாங்கும் தம்பதிக்கு
ஒரு சலுகை:
முதல் வருஷம் பத்தாயிரம் வரை வட்டியைக் கழிக்கலாம்,
அடுத்த வருஷம் ஒன்பது,
அப்புறம் எட்டு, ஏழு
என்று ஒவ்வொரு படியாய் இறங்கி
பதினோராவது வருஷம் கை கழுவிவிடும்.
பிள்ளைக்கு நடை பழக்குகிற மாதிரி என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

சந்தை எப்படிப் போகும்?
வழவழத் தாளில் ஒரு நீலக்கோடு
மேலே ஏறி, நுனியில் புள்ளிபுள்ளியாய் உடைந்தது.
விலை இன்னும் ஏறலாம்.
வட்டி இப்படியே நிற்கலாம்.
திருத்தவேண்டிய பழைய வீடுகள் சற்று இறங்கலாம்.
அவர் பேசியது ஜெர்மன்.
என் காதில் விழுந்ததெல்லாம்
லாம், லாம், லாம்.

கைக்காசு எவ்வளவு?
ஓய்வூதிய நிதியில் பாதி எடுக்கலாம், மீதி சேமிப்பு,
அதில் இருபதாயிரம் சீட்டுக் காசு.
சீட்டென்றால்?
இருபது பேர், மாதம் ஆயிரம், கூறி எடுப்பது, கழிவு...
என் ஜெர்மன் ‘தாச்சி’ வரைக்கும் வந்து
அங்கேயே குந்திவிட்டது.
எஷ்லிமான் ஒரு கட்டத்தில் ‘உறவினர்’ என்று எழுதினார்.
தாச்சி சற்குணராணி
இன்று எனக்கு உறவானாள்.

கணக்கை நான் வீட்டிலேயே போட்டிருந்தேன்.
வட்டி, கடன் கழிவு, பராமரிப்பு
எல்லாம் சேர்த்து மாதம் ஆயிரத்து ஐந்நூற்று எழுபது.
இப்போது கட்டும் வாடகை
ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது.
முப்பது பிராங் வித்தியாசம்.
ஒருவேளை பகீரதன் சிகரெட்டை விட்டால் போதும்.

அவர் தலையசைத்தார்.
இது உண்மை வட்டி, ஒன்று தசம் மூன்று.
நாங்கள் பார்ப்பது ஐந்து.
ஐந்து எங்கே இருக்கிறது?
எங்கேயும் இல்லை. வரலாம்.
வராத அந்த வட்டிக்கு
எங்கள் இருவர் சம்பளமும் போதவில்லை,
பதின்மூன்றாம் மாதத்தைச் சேர்த்தும்
வருஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு குறைகிறது.

உண்மையைக் கட்டுவோம்.
கற்பனையைக் கட்ட வழியில்லை.

எழும்போது கேட்டேன்:
பத்தொன்பது வருஷம் ஒரு மாதமும் தவறாமல்
வாடகை கட்டியிருக்கிறோமே,
அதை எழுத இந்தப் படிவத்தில் இடமில்லையா?
அவர் நல்ல மனிதர்.
உண்மையிலேயே தேடினார்,
இரண்டு பக்கமும் புரட்டி.

ஐந்து மணிக்கு எங்கள் தோய்ப்பு முறை.
ட்ஸ்பிண்டன் அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு
வடிகட்டியைத் துடைக்கச் சொன்னார், வழமைபோல.
நிலவறையில் இயந்திரத்தின் மேல்
நீலக்கோட்டுத் தாளைக் கவிழ்த்துப் போட்டு எழுதினேன்:

மதிப்புக்குரிய வீட்டு நிர்வாகத்துக்கு,
ஆதார வட்டி கால் வீதம் இறங்கியிருப்பதால்
வாடகையில் மாதம்
நாற்பத்து நாலு பிராங் எண்பது சதம் குறைக்கவும்.

கேட்டால் குறைப்பார்கள்,
கேளாதவர்களுக்குக் குறையாது,
அதுதான் இங்கே சட்டம்.
இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை.

‘கோபிப்பார்களோ?’ என்றான் பகீரதன்,
நனைந்த வேலைச் சட்டையைக் கையில் பிடித்தபடி.

கையெழுத்துப் போடும்போது
இயந்திரம் பிழியத் தொடங்கி
பேனாவை உதறியது.
என் பெயரின் கடைசி எழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டது.
திரையில் இன்னும் பன்னிரண்டு நிமிஷம்.